ரோட்டுக்கு மேற்கே

நடுவோடை ஊராட்சியைத் தூத்துக்குடி மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது சண்முகப்ரியாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஊராட்சித் தலைவராக இருந்த காலம் முழுக்க அவள் ஆசைப்பட்டதே அதுதான். மாநகராட்சி வந்தால் பாதாளச் சாக்கடை வரும், ஒரு தெருவிளக்குக்காக ஆள் ஆளாகப் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, டவுன் பஸ் ஊருக்குள்ளேயே வந்து திரும்பும். பதவிக்காலம் முடிந்த அன்று ரப்பர் ஸ்டாம்பையும் சாவிக்கொத்தையும் தனி அலுவலரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பெயர்ப்பலகையில் அவள் பெயருக்கு மேல் அப்போதே ஒருவன் வெள்ளைத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அடுத்து கவுன்சிலர். அதுக்குப் பெரிய போர்டா வச்சிருவோம்" என்றான் கணவன் ஜெயகணேஷ்.

அவனுக்கு சிமெண்ட், கம்பி வியாபாரம். அவன் அப்பா உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்து இங்கே கடை போட்டவர். மகன் காலத்தில் அது ஹார்ட்வேர்ஸ் ஆகி, ரோட்டுக்குக் கிழக்கே பெரிய குடோனும் கட்டியாகிவிட்டது.

கவுன்சிலர் ஆவோம் என்று அவள் நம்பியதற்குக் காரணம் ரோடு. முன்பு அது வண்டித்தடம். மழைக்காலத்தில் ஆட்டோ புதையும். பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பைபாஸ் வரைக்கும் நாலு பேர் ஓடியதை ஊரே பார்த்திருக்கிறது. சண்முகப்ரியா கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஒருவழியாக ரோடு வந்தது. துறைமுகத்து லாரிகள் போகிற மாதிரி அகலமாக, ஆள் நெஞ்சு உயரத்துக்கு மண் கொட்டி, தெற்கு வடக்காக ஊரை நடுவில் பிரித்துக்கொண்டு போனது. கிழக்கே பழைய தெருக்களும் கடைகளும். அதைத் தாண்டி உப்பளம், அதைத் தாண்டிக் கடல். மேற்கே, பள்ளத்தில், புதிதாக மனை போட்ட தெருக்கள். உப்பளத்துக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள், தாமிரபரணிக் கரையில் வயலை விற்றுவிட்டு வந்தவர்கள் என்று கையில் இருந்ததற்கு ஏற்ற மண்ணை வாங்கியவர்கள் அங்கே வீடு கட்டியிருந்தார்கள்.

ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகக் குழாய் வைப்பது பற்றிக் கிராம சபையில் பேச்சு வந்தது. நாலு இடத்தில் வைக்கலாம் என்றார் ஒன்றியத்துப் பொறியாளர் ஆவுடையப்பன். மேற்கிலிருந்து வருகிற தண்ணீரெல்லாம் பழைய ஓடை வழியாகக் கிழக்கே இறங்கிக் கடலுக்குப் போகிற ஊர் இது. நடுவோடை என்ற பேரே அதனால்தான். ஆனால் அந்த ஓடையில் தண்ணீர் ஓடி நெடுநாளாகியிருந்தது. கிழக்குப் பக்கம் அதைத் தூர்த்து மனையாக்கியிருந்தார்கள். குழாய் வைத்தால் அதன் வாய் கடைகளுக்கு முன்னால் திறக்கும்.

ஜெயகணேஷின் சித்தப்பா மகன் சுடலைராஜ் எழுந்தான். நிலம் வாங்கி விற்கிறவன், நன்றாகப் பேசுகிறவன்.

"மதினி, அந்த ஓடையில தண்ணி ஓடி இங்கன யாராவது பாத்திருக்கீங்களா? நான் ஆடு ஓடித்தான் பாத்திருக்கேன்."

கூட்டம் சிரித்தது. சண்முகப்ரியாவும் சிரித்தாள். மேற்கிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்களுக்கு ஷிப்ட். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஈவாஞ்சலின் மட்டும் கையைத் தூக்கி, "அப்ப மேக்க விழுத தண்ணி எங்கன போவும்?" என்று கேட்டாள். மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு ரோட்டோரமாகப் பெரிய வடிகால் கட்டுவார்கள் என்று பதில் சொல்லப்பட்டது. பதில் சொன்னது சண்முகப்ரியாதான். வடக்கு எல்லையில் ஒரே ஒரு குழாய் வைத்தால் போதும் என்று தீர்மானம் ஆனது. கை தட்டினார்கள்.

ரோடு வந்த பிறகு ஊர் வளர்ந்த வேகம் அவளுக்கே மலைப்பாக இருந்தது. பேக்கரி வந்தது, லாட்ஜ் வந்தது, பைக் ஷோரூம் வந்தது. ஓடை இருந்த இடத்தில் சுடலைராஜ் முகமெல்லாம் கண்ணாடி வைத்து ஒரு வணிக வளாகம் கட்டினான். தரைக்குக் கீழே வண்டி நிறுத்த ஒரு தளம். அதற்கு வாட்ச்மேனாக ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார், மாசானம் என்று பெயர். அவள் அந்த வழியாகப் போனால் எழுந்து கும்பிடுவார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்பாள்.

"வயக்காட்டுச் சேத்துல நின்ன காலும்மா. நாக்காலியில உக்காந்தா மரத்துப் போவுது" என்று சிரிப்பார்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. பெரிய மழை இல்லை. மறுநாள் காலையில் சண்முகப்ரியா ஸ்கூட்டரில் ரோட்டுக்கு ஏறியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கிழக்குப் பக்கத்தில் மண் உலர்ந்து, கடைக்காரர்கள் புழுதிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் அசையாமல் நின்றது. வீடுகள் அதற்குள் முழங்கால் அளவு இறங்கி நிற்கிற மாதிரி இருந்தன. ஒரு பெண் வாசலில் நாற்காலி போட்டு, நாற்காலி மேல் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தாள். கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. பார்த்துவிட்டுப் பாலைக் கிளறினாள்.

வடக்கு எல்லையில் வைத்த குழாய் மேட்டில் இருந்ததால் அந்தத் தண்ணீர் போகவே இல்லை. பச்சை பிடித்தது. பொழுது சாய்ந்தால் தவளைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. தவளைக்குப் பின்னால் பாம்பு வந்தது. கிணறுகள் வாய்வரை ஊறி, குனிந்து கையாலேயே மொண்டுகொள்ளலாம் போலிருந்தன. ஆனால் யாரும் மொள்ளவில்லை, அவ்வளவு நாற்றம். ஈவாஞ்சலின் போன் செய்தாள்.

"அக்கா, கக்கூஸ்லருந்து தண்ணி மேல வருது. பிள்ளைங்களுக்கெல்லாம் காய்ச்சல். இன்னும் மழையே ஆரம்பிக்கலக்கா. இது சும்மா தூத்தல்."

சண்முகப்ரியா ஆவுடையப்பனைப் பார்க்கப் போனாள். அவர் நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார்.

"உங்க ஊரு எங்க கையில இல்லம்மா இப்ப. ஃபைல் எல்லாம் மாநகராட்சிக்குப் போயிட்டு."

மாநகராட்சி அலுவலகத்தில் அந்த ஃபைல் இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். தனி அலுவலருக்கு நடுவோடையோடு வேறு பல ஊராட்சிகளும் பொறுப்பு. போன போதெல்லாம் அவர் வேறு ஊரில் இருந்தார். போகிற இடத்தில் எல்லாம் மரியாதையாக உட்கார வைத்தார்கள். முன்னாள் தலைவர் என்று எழுதிக்கொண்டார்கள். ஊர் ஒரு கையிலிருந்து நழுவி இன்னொரு கையில் விழாமல் நடுவில் நின்றது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த நேரம் பார்த்து வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிக்கொண்டிருப்பதாக டீக்கடை டிவி சொன்னது.

"நீ ஏன் அலையுத? இப்ப நீ தலைவர் இல்லலா" என்றான் ஜெயகணேஷ்.

"அது மேக்க உள்ளவங்களுக்குத் தெரியலியே. என்னையத்தான கேக்காவ."

மறுநாள் மாலை சுடலைராஜ் வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்தான், வளாகத்தில் இன்னும் ஒரு தளம் எழுப்பப் போவதைப் பற்றிப் பேசினான். எழுந்திருக்கிற நேரத்தில்தான் விஷயத்துக்கு வந்தான்.

"மேக்க உள்ளவங்க கடப்பாரையத் தூக்கிட்டு ரோட்ட வெட்ட வருவாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுது மதினி. வந்தா, வந்த கையோட திரும்பிப் போவ மாட்டாவ. உங்களச் சொல்லல. பொதுவாச் சொல்லுதேன்."

"யாருப்பா வெட்டப் போறா? தண்ணி வடிஞ்சாப் போதும்னு கெடக்காவ."

"வடிஞ்சிரும்." உள்ளே ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த அவள் மகள் ரம்யாவை எட்டிப் பார்த்தான். "பாப்பா டியூசன் மேக்கத் தெருவுலதான? இனிமே அங்கன விடாதீங்க. காலம் சரியில்ல."

அதை அக்கறையாகத்தான் சொன்னான். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போன பிறகு சண்முகப்ரியா கதவைத் தாழிட்டாள். அவர்கள் வீட்டில் வெளிச்சம் இருக்கும்போதே கதவைத் தாழிடுகிற பழக்கம் கிடையாது.

கார்த்திகையில் ஒரு நண்பகல் மழை பிடித்தது. காற்று இல்லை, இடி இல்லை. மேலேயிருந்து யாரோ சாய்த்துக் கொட்டுகிற மாதிரி ஒரே சீராக இறங்கியது. இரவு முழுக்கப் பெய்து, விடிந்தும் அதே சத்தத்தோடு பெய்தது. கரண்ட் போய்விட்டது. கடல் ஏறி நிற்கிறது, உப்பளத்து வாய்க்காலெல்லாம் எதிர்த்துக்கொண்டு வருகிறது என்று மீன் வியாபாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். மதியம் இன்னொரு செய்தி வந்தது. மேற்கே பெரிய குளம் உடைந்துவிட்டது.

அவள் குடையை எடுத்தாள். குடை நிற்கவில்லை. அதைத் தெருவிலேயே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள்.

மேற்கே தெரு என்று எதுவும் இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் ஜன்னல்வரை நின்றது. மாடு ஒன்று கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு மதிலோடு ஒட்டி நின்றது. மொட்டைமாடி உள்ளவர்கள் மாடியில் நின்றார்கள்; மாடி இல்லாதவர்கள் அடுத்தவர் மாடியில் நின்றார்கள். ஓட்டு வீட்டுக் கூரை மேல் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் பாலித்தீன் தாளை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது. யாரும் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கத்தி ஓய்ந்திருக்கிறார்கள்.

கிழக்கே கணுக்கால் அளவு தண்ணீர். ரோட்டின் மேல் கிழக்குத் தெரு ஆண்கள் தார்ப்பாய் கட்டி, பைக்குகளைக் குறுக்கே நிறுத்திக் காவல் இருந்தார்கள். எதிர்ச் சரிவில் நெஞ்சளவு தண்ணீரில் மேற்கத்திய ஆண்கள் கடப்பாரையோடு நின்றார்கள். நடுவில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும். எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் இவள் பக்கம் திரும்பியது.

ஈவாஞ்சலின் தண்ணீரிலிருந்து ரோட்டுக்கு ஏறி வந்தாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கூட மாடியில படுக்கையாக் கெடக்கவங்களை எல்லாம் கொண்டு போய் வச்சிருக்கோம்க்கா. கீழ்த்தளம் முழுகிட்டு. பழைய கட்டடம். சுவரு இளகுது, கையால தொட்டா மண்ணா வருது. இருட்டுதுக்குள்ள எதாவது செய்யணும்."

"படகு?"

"கீழவைப்பார்லருந்து படகு ஏத்திக்கிட்டு லாரி கெளம்பிருக்காம். பாலத்துல மாட்டி நிக்கி. எப்ப வரும்னு தெரியல."

சண்முகப்ரியா போன் செய்யத் தொடங்கினாள். தனி அலுவலரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டு போவதாகச் சொன்னார்கள். ஆவுடையப்பன் மட்டும் எடுத்தார்.

"ரோட்ட வெட்டணும் சார். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நான் எப்படிம்மா சொல்ல முடியும்? எழுத்துல உத்தரவு வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெட்டுனா பழைய ஓடையிருந்த இடத்துல வெட்டணும். வேற எங்க வெட்டுனாலும் தண்ணி வீட்டுக்குள்ளதான் பாயும். அங்கதான் உப்பளத்துக்கு இறக்கம். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சரி என்றும் யாரும் சொல்லவில்லை.

பெட்ரோல் பங்கில் ஒரு ஜேசிபி நின்றது. அதன் ஓட்டுநர் ஃபிராங்க்ளினுக்கு மேற்கே வீடு. அவன் அம்மா அந்த ஓட்டுக் கூரையில் இருந்தவர்களில் ஒருத்தி. அவன் காலையிலிருந்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"யாராவது ஒருத்தர் சொல்லணும் தலைவரே" என்றான். "நானா வெட்டுனா இவங்க என்னையக் கொன்னுருவாவ, இல்லன்னா நாளைக்கு ஜெயில். யாராவது ஒருத்தர் சொன்னாங்கன்னு இருந்தா வெட்டிருவேன்."

"நான் சொல்லுதேன்."

சப்-இன்ஸ்பெக்டர் தயங்கினார். "மேடம், நீங்க இப்பப் பொறுப்புல இல்லியே."

"பொறுப்புல உள்ளவங்க யாருன்னு சொல்லுங்க சார். அவங்க கால்ல விழுதேன்."

அவர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு பங்குக்கு அந்தப் பக்கமாக நடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நேராக அம்மன் கோவிலுக்குப் போனாள். அங்கே ஜெனரேட்டரும் மைக்கும் இருந்தன. தன் குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ரோட்ட வெட்டப் போறோம். கெழக்க பழைய ஓடை வழியில உள்ளவங்க எல்லாரும் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போயிருங்க. சாமான் போனாப் போட்டும். ஆளு யாரும் இருக்காதீங்க."

திரும்பத் திரும்பச் சொன்னாள். தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னாள். அவள் ரோட்டுக்குத் திரும்பியபோது தார்ப்பாயின் கீழ் பாதிப் பேர் இல்லை. ரோட்டைக் காத்து நின்றவர்கள் தங்கள் வீட்டைக் காக்க ஓடியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் கல்லை எடுத்தார்கள். ஜேசிபியின் கண்ணாடி ஒன்று உடைந்தது. அதற்குள் மேற்கத்தியப் பெண்கள் சரிவில் ஏறி வந்து வண்டியைச் சுற்றி ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். கைக்குழந்தை வைத்திருந்தவளும் உட்கார்ந்தாள். கல் எடுத்த கைகள் அதன்பிறகு தயங்கின.

ஜெயகணேஷ் ரம்யாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"நம்ம குடோனும் அந்த வழியிலதான் இருக்கு" என்றான்.

"தெரியும்."

அவன் ரம்யாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். மண்டபத்துப் பக்கம் போனான்.

சுடலைராஜ் பேக்கரி வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"உங்க கட்டடத்துல ஆளு இருக்கா?"

"யாருமில்ல" என்றான், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"வாட்ச்மேன் அண்ணாச்சி?"

"போயிட்டாரு. எல்லாரும் போயாச்சு மதினி. நீங்க வெட்டுங்க. என்ன நடக்கோ, நடக்கட்டும்." சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. காத்துக்கொண்டிருக்கிறவனின் சிரிப்பு அது.

கட்டடத்து ஷட்டர் இறங்கியிருந்தது. முன்னால் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவள் ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு ஃபிராங்க்ளினைப் பார்த்துத் தலையசைத்தாள்.

தாரை உரிக்கத்தான் நேரமாயிற்று. உள்ளே மண் ஊறிப்போய்க் கூழாக இருந்தது. முதலில் விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்து கிழக்கே ஒழுகியது. இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும்படி இருந்தது. ஃபிராங்க்ளின் இன்னொரு தரம் வாரி எடுத்தான். அதற்குப் பிறகு அவன் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ரோடு தானாகவே பிளந்தது. அடியிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. துண்டு துண்டாகத் தார் சரிந்து உள்ளே விழ, ஃபிராங்க்ளின் வண்டியைப் பின்னால் இழுத்தான். அது முன்பு நின்ற இடமும் சரிந்தது. ஒரு லாரி போகிற அகலம் திறந்து, பிறகு ஒரு வீடு போகிற அகலம் திறந்தது.

தண்ணீர் நிமிர்ந்துகொண்டு பாய்ந்தது. எதிரே இருந்த வளாகத்தின் கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. ஷட்டர் தகரம்போல மடங்கியது. குடோன் சுவர் முதலில் வயிறு தள்ளி, பிறகு விழுந்தது. அப்புறம் தண்ணீர் உப்பளத்தில் இறங்கி, குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்களைக் கரைத்துக்கொண்டு கடலைப் பார்த்துப் போனது. கிழக்குத் தெருப் பெண்கள் மண்டபத்து மாடியில் நின்று அழுதது ரோடுவரை கேட்டது.

இருட்டுகிற நேரத்தில் மேற்கே ஜன்னலளவு தண்ணீர் இடுப்பளவு ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசிக் கிழவரை இறக்கிக் கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்தின் தென்சுவர் உட்கார்ந்தது. மேற்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஈவாஞ்சலின் சண்முகப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மழை விட்டதும் வளாகத்தின் கீழ்த்தளத்துக்கு மோட்டார் வைத்து இறைத்தார்கள். படிக்கட்டின் அடியில் மாசானம் கிடந்தார். கையில் ஒரு மணல் மூட்டையின் கழுத்தை இறுக்கப் பிடித்திருந்தார்.

பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்தது, கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தியது என்று வழக்குப் போட்டார்கள். முதல் பெயர் சண்முகப்ரியா, இரண்டாவது ஃபிராங்க்ளின். புகார் கொடுத்தவன் சுடலைராஜ். வாட்ச்மேனை வெளியே போகச் சொல்லிவிட்டதாகவும், அவர் ஏன் போகவில்லை என்று தனக்குத் தெரியாது என்றும் எழுதிக் கொடுத்திருந்தான். முதல் வாய்தாவுக்கு மேற்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தார்கள். அடுத்த வாய்தாவுக்கு ஷேர் ஆட்டோவில் கொஞ்சம் பேர். அதற்கு அடுத்ததற்கு ஈவாஞ்சலின் மட்டும் லீவு போட்டுவிட்டு வந்தாள். மாநகராட்சி வார்டு எல்லைகள் அறிவிக்கப்பட்டன. ரோடுதான் எல்லை. கிழக்கு ஒரு வார்டு, மேற்கு இன்னொரு வார்டு. கிழக்குக்கு சுடலைராஜ் நிற்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஜெயகணேஷ் சண்டை போடவில்லை. குடோனில் கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டைகளைக் கடப்பாரையால் நெம்பி நெம்பி வெளியே போட்டான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. ஆனா என்னால இந்தத் தெருவுல நடக்க முடியல ப்ரியா. ஒருத்தரும் பேச மாட்டேங்காவ. சிரிக்காவ, பேச மாட்டேங்காவ."

தை முடிகிற சமயத்தில் அவள் மாசானத்தின் ஊருக்குப் போனாள். கூட யாரையும் கூட்டிக்கொள்ளவில்லை. ஆழ்வார்திருநகரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தாள். இரண்டு பக்கமும் நெல் பால் பிடித்து நின்றது. விசாரித்த இடத்தில் வீட்டைக் காட்டியவர்கள் இவள் யார் என்று கேட்கவில்லை. பேப்பரில் போட்டோ வந்திருந்தது.

மாசானத்தின் மனைவி இசக்கித்தாய் பாயை விரித்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சண்முகப்ரியா செம்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா வெட்டச் சொன்னது" என்றாள் கடைசியில்.

"தெரியும். அவரு போன் பண்ணுனாரு."

"எப்ப?"

"அன்னைக்குத்தான். நீங்க மைக்ல சொல்லிக்கிட்டு இருக்கையில. போன்லயே உங்க சத்தம் கேட்டுது எனக்கு." இசக்கித்தாய் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "ஏளா, தலைவரம்மா எல்லாரையும் வெளிய போவச் சொல்லுதாவ, மொதலாளி மூட்டைய அடுக்கிட்டு உள்ளயே இருங்காரு, நான் என்ன செய்யன்னு கேட்டாரு."

சண்முகப்ரியா செம்பைப் பாயில் வைத்தாள்.

"நான் என்னத்தக் கண்டேன்? அந்தம்மாவுக்குத்தான் பதவி போயிட்டுன்னு நீங்களே சொன்னீங்களே, மொதலாளி சொல்லுததக் கேளுங்க, வேல போயிட்டுன்னா இந்த வயசுல யாரு குடுப்பான்னு சொன்னேன். சரின்னு வச்சிட்டாரு."

வெளியே நெற்பயிரில் காற்று போகிற சத்தம் கேட்டது. சண்முகப்ரியா அவள் கையைத் தொடப் போனாள். இசக்கித்தாய் கையை விலக்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

"போலீஸ்காரங்ககிட்ட இதச் சொல்லுவீங்களாம்மா? மொதலாளி இருக்கச் சொன்னாருன்னு?"

"எப்படிச் சொல்ல?" என்றாள் இசக்கித்தாய். "மூத்தவன் சிவசுப்பிரமணியன அந்த வேலைக்கே எடுத்துக்கிட்டாவ. போன வாரம் சேந்துட்டான். கட்டடத்த எல்லாம் சரி பண்ணி முன்ன மாதிரி ஆக்கிட்டாவளாம். ரோடும் மறுபடி போடுதாவளாம், முன்னைக்கு இன்னும் ஒசரமா."

"எங்கன தங்கியிருக்கான்?"

"கீழதான். வண்டி நிறுத்துத எடத்துல ஒரு ரூமு போட்டுக் குடுத்திருக்காவ. ஃபேன் எல்லாம் இருக்காம்."

சண்முகப்ரியா பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள், பஸ் டிக்கெட்டின் பின்னால் தன் போன் நம்பரை எழுதினாள்.

"மழைன்னு வந்தா அவன் எனக்கு ஒரு போன் பண்ணட்டும்மா. எந்நேரம்னாலும் சரி. நான் வெளிய வான்னு சொன்னா வந்துரட்டும். அது போதும்."

இசக்கித்தாய் அந்தத் துண்டை வாங்கி, எழுதியிருந்ததை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தாள். நாலாய் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சொல்லுதேன்" என்றாள். "மொதலாளிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கச் சொல்லுதேன்."